காலுக்கும் ஒரு முதல் போணி

கடைக்கு முதல் எது என்று கேட்டால் ரொக்கம் என்போம், சரக்கு என்போம், பெரியவர்கள் நாணயம் என்பார்கள். இந்த மூன்றையும் தாங்கி நிற்பது கடைக்காரரின் உடம்பு. ஆனால் அதற்கு நம் பேரேட்டில் ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. அது படுத்துவிட்டால் முதலுக்கே மோசம்.

நெய்வேலியில் வணிகம் செய்யும் நமக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். 1956இல் தொடங்கப்பட்டு, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நகரம் இது. நம் வாடிக்கையாளர்களில் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். நிரந்தர ஊழியருக்கு உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு உண்டு, நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளமும் உண்டு. கடைக்காரருக்கு என்ன உண்டு? பத்து நாள் படுத்தால் ஷட்டர் இறங்கிவிடும். வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணமும் வாங்கிய கடனுக்கு வட்டியும் மட்டும் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. 'தினமும் நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்' என்று மருத்துவர் சொல்லியிருப்பார். வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரிந்தும் விடியற்காலையில் எழுந்து வாசலைத் தாண்ட மனம் வருவதில்லை. ஏன் வருவதில்லை, வரவழைக்க என்ன வழி என்பதை வணிகர்களுக்குப் புரிந்த கணக்கிலேயே இங்கே பார்ப்போம்.

நாள் முழுக்க நிற்கிறோமே, போதாதா?

நம்மில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பதில் இது. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கடையில் நின்றுகொண்டும் குனிந்து நிமிர்ந்துகொண்டும் இருக்கிறவருக்குத் தனியாக ஓட்டம் எதற்கு?

இந்தக் கேள்விக்கு லண்டன் பேருந்துகளில் விடை கிடைத்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்களைக் கவனித்து 1953இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓட்டுநரும் நடத்துனரும் ஒரே பேருந்தில்தான் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துனர் அந்த இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. நடத்துனர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தவர்களிலும் உயிரிழந்தவர்கள் குறைவு. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. மோரிஸ் 2009இல் தமது 99ஆம் வயதில் காலமானார்.

இப்போது நம் கடையைப் பார்ப்போம். கல்லாவில் இருக்கும் முதலாளிதான் ஓட்டுநர். குடோனுக்கும் கடைக்கும் அலைந்து, மூட்டை எடுத்து, வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்தான் நடத்துனர். முதலாளி நிற்பது உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் நிற்பதால் கால் வலிக்குமே தவிர, மூச்சு வாங்காது, இதயம் வேகம் எடுக்காது. மாலையில் வரும் அசதியை உழைப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். உடம்பு அதை உடற்பயிற்சிக் கணக்கில் வரவு வைப்பதில்லை.

சிறு முதல் போதும்

இரண்டாவது பதில், 'ஒரு மணி நேரம் ஒதுக்க நமக்கு ஏது நேரம்' என்பது. ஒரு மணி நேரம் தேவையே இல்லை.

அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஓடும் பழக்கம் உள்ளவர்களிடையே, ஓடாதவர்களைவிட, எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடும், இதய நோய், பக்கவாதம் முதலியவற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடும் குறைந்திருந்தன. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை, அதுவும் மெதுவாக, ஓடியவர்களுக்கும் கணிசமான நன்மை தெரிந்தது. ஓடுகிறவர்கள் மற்ற வகைகளிலும் உடலைப் பேணுகிறவர்களாக இருக்கக்கூடும் என்பதால் எல்லாப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் சிறு முதலுக்கு நல்ல வரவு என்பது தெளிவு.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கைக்கு எட்டாததல்ல. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை வேக நடை போன்ற மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை ஓட்டம் போன்ற கடுமையான உழைப்பு. ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், கணக்கு சரியாகிவிடும். நேரம் குறைவாக உள்ள வணிகருக்கு நடையைவிட ஓட்டம் சிக்கனம்.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு அவசரம் என்பதற்கும் கணக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியுமா? முடியும் என்று காட்டியவர்களும் நம் சென்னைக்காரர்களே. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்றாண்டுகள் கவனித்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேர நடை போன்ற உழைப்பையும் மேற்கொள்ளச் செய்தவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இந்த முடிவு 2006இல் வெளியானது.

மனம் ஏன் வருவதில்லை?

இனி நம் முக்கியமான கேள்விக்கு வருவோம். மனம் வராததற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது சுலபம். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறவரை எப்படிச் சோம்பேறி என்பது?

உண்மையான காரணம் வேறு. ஓட்டத்தில் செலவு ரொக்கம், வரவு கடன். இன்று காலை தூக்கத்தை விட வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், தொடை வலிக்க வேண்டும். இவை எல்லாம் உடனே கைவிட்டுப் போகும் ரொக்கம். வரவோ ஆறு மாதம் கழித்து, ஆறு வருடம் கழித்து, அதுவும் 'வராமல் போன நோய்' என்ற உருவத்தில் வருகிறது. வராத நோயை யார் கண்ணால் பார்ப்பது? போர்வைக்குள் கிடக்கும் பத்து நிமிடத் தூக்கமோ அந்தக் கணமே கைக்கு வரும் லாபம். இந்த இரண்டையும் படுக்கையில் கிடந்தபடி எடை போட்டால் தூக்கத்தின் தட்டுத்தான் தாழும். எத்தனை கெட்டிக்கார வியாபாரியானாலும் அந்த நேரத்தில் தராசு அவர் கையில் இல்லை.

ஆகவே படுக்கையில் அந்தக் கேள்வியையே எழவிடக் கூடாது. கடை திறப்பதை நினைத்துப் பாருங்கள். 'இன்று கடை திறக்க மனம் இருக்கிறதா' என்று எந்த மளிகைக்காரரும் எழுந்தவுடன் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. பால் வண்டி வந்துவிடும், வேலைக்குப் போகிறவர் வந்துவிடுவார், ஆகவே திறக்கிறோம். முதல் போணி ஆனபிறகு உற்சாகம் தானாக வருகிறது. ஓட்டமும் அப்படித்தான். மனம் வந்தபின் கால் எழுவதில்லை. கால் எழுந்தபின்தான் மனம் வருகிறது. முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் கசப்புத்தான். உடம்பு சூடேறி மூச்சு ஒழுங்கானபின் வேண்டாம் என்று திரும்புகிறவர்கள் குறைவு.

எழுதி வைத்தால் நடக்கும்

மனத்தைக் கேட்காமல் காலை எழுப்ப ஒரு சோதித்துப் பார்த்த வழி உண்டு. இங்கிலாந்தில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினரிடம் உடற்பயிற்சியைத் தூண்டும்படி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பிரிவினருக்கு இதய நோயின் ஆபத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் விளக்கிப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு அதே விளக்கத்தோடு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் பிரிவில் 38 விழுக்காட்டினர் பயிற்சி செய்தார்கள். விளக்கம் படித்த இரண்டாம் பிரிவில் 35 விழுக்காட்டினர்தான். எழுதிக் கொடுத்த மூன்றாம் பிரிவில் 91 விழுக்காட்டினர்!

இதன் பொருள் என்ன? உபதேசம் மட்டும் போதவில்லை. இந்தக் கட்டுரையும் படித்து மடித்து வைப்பதால் யாரையும் ஓடவைக்கப் போவதில்லை. 'நாளை முதல் ஓடுவேன்' என்பது தேதி போடாத உண்டியல் மாதிரி. யாரும் அதை மதிக்க மாட்டார்கள். 'திங்கட்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிடம், வீட்டு வாசலில் தொடங்கிப் பாரதி விளையாட்டரங்கம் வரை போய்த் திரும்புவேன்' என்பது தேதி போட்டது. அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

மாலை போட்டவர்களைப் பாருங்கள்

நம்மால் எழ முடியாது என்பது உண்மையா என்பதற்கு நம் கடைத்தெருவே சாட்சி. கார்த்திகை பிறந்தால் எத்தனை வணிகர்கள் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள்! மற்ற மாதங்களில் ஆறு மணிக்கும் எழாதவர், நாலு மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறார். வெறுங்காலோடு நடக்கிறார். 41 நாள் இது தவறுவதில்லை. கார்த்திகை வந்ததும் அவர் உடம்பு மாறிவிட்டதா? இல்லை. மாறியவை நான்கு. தொடங்கும் நாள் குறித்தாயிற்று. கழுத்தில் அடையாளம் வந்தாயிற்று. கூடவே மாலை போட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். ஊரும் வீடும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பக்தி வேறு, ஓட்டம் வேறு. ஆனால் ஏற்பாடு ஒன்றே. ஓட்டத்துக்கும் தொடங்கும் நாளைக் குறியுங்கள். அடையாளமாக இரவே காலணியையும் சட்டையையும் கட்டிலருகில் எடுத்து வையுங்கள். கூட வர ஒருவரைச் சேருங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? நம் முன்னோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று வைத்தார்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில் புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் 'போச்சு, இனி அடுத்த வருடம்தான்' என்று கணக்கை மூட வேண்டாம். ஒரு நாள் வியாபாரம் படுத்தால் கடையை விற்றுவிடுகிறோமா?

துணையும் கணக்கும்

தனியாகத் தொடங்கும் பத்துப் பேரைவிடச் சேர்ந்து தொடங்கும் இருவர் நீடிப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஐந்து மணிக்குத் தெருமுனையில் காத்து நிற்கிறார் என்றால், போர்வையை விலக்க வேறு காரணம் தேவையில்லை. வியாபாரத்தில் போட்டியாளராக இருப்பவரும் ஓட்டத்தில் கூட்டாளி ஆகலாம்.

கூட வர ஆள் கிடைக்காவிட்டால் நினைவூட்ட ஒரு குரலாவது வேண்டும். 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் அதே சென்னைக் குழுவினர் சர்க்கரை நோய் வரும் நிலையிலிருந்த 537 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு உணவு, உழைப்பு பற்றிய சிறு குறுஞ்செய்திகளைக் கைபேசியில் தொடர்ந்து அனுப்பிவந்தார்கள். இரண்டாண்டுக்குப் பிறகு, செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது. விடாமல் வந்த சில வரிச் செய்திக்கு அவ்வளவு வலிமை. அந்த வேலையை நண்பரோ மகளோ நமக்குச் செய்யலாம்.

அடுத்தது கணக்கு. தினசரிச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். தேதி, எத்தனை நிமிடம், அவ்வளவே. வேகமும் தூரமும் முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். இருபது கட்டம் நிறைந்திருந்தால் நல்ல மாதம். கைபேசியில் அடி எண்ணுகிறவர்கள் பத்தாயிரம் அடி என்ற இலக்கைக் கண்டு மிரள வேண்டாம். 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று தன் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயர் வைத்து விற்றது. அந்தப் பெயரே பிறகு இலக்காகப் பரவிவிட்டது. சரக்குக்கு நல்ல பெயர் வைப்பதன் பலன் என்னவென்று வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

நம் ஊரில் தொடங்கும் முறை

ஓடுவதற்கு நம் நகரியத்தைப் போல வசதியான ஊர் குறைவு. வட்டம் வட்டமாகப் பிரித்துப் போட்ட நேரான அகலமான சாலைகள். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் மாவட்டம் முழுதும் மரங்களைச் சாய்த்த பின்னும், நிழலுக்குக் குறைவில்லை. மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் கடை வைத்திருப்போர், பெரிய சாலையைத் தவிர்த்து உட்தெருக்களையோ பள்ளி மைதானத்தையோ வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வாரம்: ஐந்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று நான்கு முறை. கடைசியில் மூன்று நிமிடம் நடை. மொத்தம் 20 நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தை அரை நிமிடம் கூட்டலாம். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நடையோடு கலந்த ஓட்டத்துக்கு அதுவே சரியான வேகம்.

விடியுமுன் மண்டிக்குப் போகிறவர்கள் காலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மாலை வியாபாரம் சூடு பிடிக்குமுன் கிடைக்கும் அரை மணி நேரம் அவர்களுக்குரியது. ஊழியர்களுக்குச் சம்பளம் வரும் வாரமும் தீபாவளி வாரமும் நமக்கு மூச்சுவிட நேரம் இராது. அந்த நாள்களில் பத்து நிமிட நடையோடு நிறுத்தினாலும் போதும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கலாம். அக்கினி நட்சத்திரத்தில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

கடையில் நம்மோடு சரிபாதி உழைக்கும் பெண்களும் இதில் சேர வேண்டும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் அச்சமில்லை. அந்த அரை மணி நேரம் பால் வியாபாரத்தையும் அடுப்பையும் ஆண்கள் பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

கவனிக்க வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே ஓடத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்; 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செருப்போடு ஓட வேண்டாம். குதிகாலைத் தாங்கும் காலணி ஒன்றுதான் இதற்கு ஆகும் செலவு.

அதிகாலை ஷிப்டுக்கு விரையும் வண்டிகளையும் பேருந்துகளையும் மறக்கக் கூடாது. வெளிர்நிறச் சட்டை அணிந்து, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாகச் செல்லுங்கள். எண்பது வயதைத் தாண்டியபின் மராத்தான் ஓடத் தொடங்கி, நூறு வயதைக் கடந்தும் ஓடியவராக உலகப் புகழ் பெற்ற பவுஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் சாலையில் வண்டி மோதித்தான் உயிரிழந்தார்.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்பதும், அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும் என்பதும் இவ்வூரில் வாழும் நமக்குத் தெரியும். அந்தப் பம்புகள் ஒரு நாள் வேகமாக ஓடி மறுநாள் ஓய்வதில்லை. உடம்புக்கும் வேண்டியது அதே ஒழுங்குதான்.

நம் சங்கக் கூட்டங்களில் விலைவாசி, வரி, உரிமம் பற்றியெல்லாம் பேசுகிறோம். இனி ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருவர் இருவராகப் பெயர் கொடுத்து, ஒரு மண்டலம் சேர்ந்து ஓடிப் பார்ப்பது என்று முடிவு செய்தால் செலவில்லாத தீர்மானமாக இருக்கும். மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடையடைப்பது நாமாக முடிவு செய்து அடைப்பது. உடம்பு படுத்து ஷட்டர் இறங்கினால் அந்த முடிவு நம் கையில் இல்லை. இன்றிரவு கணக்கு முடித்துக் கல்லாவைப் பூட்டுமுன், நாளைக் காலை எத்தனை மணி, எந்த இடம், யாரோடு என்ற மூன்றையும் சிட்டையில் எழுதுங்கள். அதுவே காலுக்கான முதல் போணி.